குடை மார்க்கெட் காலியில்லை

அக்டோபர் 27

வேலாம்பட்டினம் வந்து சேர்ந்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ். அறை முழுக்க ஈர வாடை. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். கேட்டால் மேனேஜர், "காத்துக்கு அது போதும்மா" என்கிறார். போதுமா போதாதா என்று பருவமழை சொல்லட்டும்.

வந்த வேலை இது. சென்னையில் ஒரு கட்டடக் கலைஞர் சங்கம் டிசம்பரில் கண்காட்சி வைக்கிறது. எழுபதுகளில் தமிழ்நாட்டில் எழுந்த கான்கிரீட் கட்டடங்களின் படங்கள். இந்த ஊர் மார்க்கெட் என் பொறுப்பு. சுவரே இல்லாத மார்க்கெட். வரிசையாகத் தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலும் காற்றில் மேலே திருப்பிக்கொண்ட குடை மாதிரி ஒரு கான்கிரீட் கூரை. மழைத் தண்ணீர் குடையின் நடுவுக்கு ஓடி, தூணுக்குள்ளேயே இறங்கி, தரைக்கடியில் கால்வாய்க்குப் போய்விடும். ஊரில் எல்லாரும் குடை மார்க்கெட் என்றுதான் சொல்கிறார்கள்.

இதுவரை எடுத்த அத்தனை பேரும் நீல வானத்தில் எடுத்திருக்கிறார்கள். மழைக்கென்று கட்டியதை வெயிலில் எடுப்பது கல்யாணப் பெண்ணை நைட்டியில் எடுக்கிற மாதிரி. எனக்குக் கருமேகம் வேண்டும். அது வரும்வரை இந்த ஊரை விட்டு நகர்வதாக இல்லை.

கூட மதியரசி. கல்லூரியில் வாரம் ஒரு நாள் நான் நடத்தும் புகைப்பட வகுப்பின் மாணவி, கட்டடக் கலை கடைசி வருடம். இது அவள் ஊர். "நான் வரேன் மேம்" என்று அவளாகவே வந்து நின்றாள். வேலை தெரிந்த பெண், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அக்டோபர் 30

கிடைத்துவிட்டது!

மதியத்துக்கு மேல் கிழக்கே கடல் மேல் மேகம் கறுத்து ஏறியது. மேற்கே வெயில் இன்னும் இருந்தது. கறுத்த வானத்துக்கு முன்னால் குடைகள் அத்தனையும் வெள்ளையாக எரிய ஆரம்பித்தன. இந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். நான் கத்தினேன்: "ஃப்ரேமைக் காலி பண்ணுங்க! எல்லாரும் காலி பண்ணுங்க!"

என் தொழிலில் ஒரே சட்டம், ஃப்ரேமில் ஆள் கூடாது. ஒரு மனிதத் தலை தெரிந்தால் பார்க்கிறவன் கண் அதன் மேல்தான் போகும், கட்டடம் வெறும் திரைச்சீலை ஆகிவிடும். காய்கறிக் கடைக்காரர்கள் முனகிக்கொண்டே கூடைகளை ஓரம் கட்டினார்கள். பூக்காரர்கள் போனார்கள். நடுத்தூண் அடியில் கருவாடு விற்கிற ஒரு அம்மாள் மட்டும் அசையவில்லை.

"என்னாத்துக்கு நான் நவுரணும்? என் மொகம் பட்டா ஒங்க படம் நாறிடுமா?"

"அஞ்சு நிமிஷம்தாம்மா."

"அஞ்சு நிமிஷத்துல அஞ்சு பேரு வந்து போவான். ஒனக்கு மேகம் போனா என் யாவாரம் போவணுமா?"

மதிதான் ஓடிப்போய் அவள் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் மதியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்தாள். கூடைகளை மதியே தூக்கிக்கொண்டு போனாள், கருவாட்டு வாடையைப் பொருட்படுத்தாமல். நல்ல உதவியாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படம்? இருபது வருடத்தில் இப்படி ஒன்றை நான் எடுத்ததில்லை. கோடுகள் நூல் பிடித்த மாதிரி. ஈரத் தரையில் குடைகளின் நிழல். ஒரு குப்பை இல்லை, ஒரு தலை இல்லை. மதியிடம் காட்டினேன்.

"தாஜ்மஹால் மாதிரி இருக்கு மேம்."

"தேங்க்ஸ்."

"அதுவும் சமாதிதானே மேம்."

வாய் கொஞ்சம் இல்லை, ரொம்பவே நீளம்.

நவம்பர் 2

மழை. வெளிச்சம் இல்லை. துவைத்தது எதுவும் காயவில்லை.

நவம்பர் 8

நாளிதழுக்கு நான் அனுப்பிய படம் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது, கீழே என் பெயர்: இந்திராணி. காலையிலிருந்து போன் ஓயவில்லை. சங்கத்துக்காரர் கண்காட்சியின் முதல் சுவரே உங்களுக்குத்தான் என்றார். எட்டு வருடமாகப் பேசாத ஒரு ஆர்க்கிடெக்ட் கூப்பிட்டு, "என்ன ஒரு மௌனம் மேடம் அந்தப் படத்துல" என்றார். மௌனம் எங்கிருந்து வந்தது, கத்திக் கத்தி வரவழைத்தேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். மேனேஜர் அது சமையலுக்கா என்று கேட்டார்.

மதி பேப்பரைப் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டாள். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

நவம்பர் 11

காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் தூணுக்குத் தூண் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. நகராட்சி ஒட்டியது. "பொதுமக்கள் பயன்பாடின்றிக் காலியாக உள்ள பழைய மார்க்கெட் கட்டடத்தை இடித்து, அவ்விடத்தில் நவீன வணிக வளாகம் அமைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் இம்மாதம் 28 அன்று நேரில் தெரிவிக்கலாம்." அதற்குக் கீழே, ஆதாரமாக, என் படம்.

என் படம்! அனுமதி இல்லை, பெயர் இல்லை, மேகத்தைப் பாதியாக வெட்டியிருக்கிறார்கள். அந்த மேகத்துக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன்? "இதை எப்படி கிராப் பண்ணலாம்? இதுக்குக் கேஸ் போடணும்" என்று குதித்தேன்.

மதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "கிராப் பண்ணதுதான் இப்ப பிரச்சனையா மேம்?" என்றாள். குரல் உயரவில்லை. "அந்தக் கருவாட்டுக் கடை எங்கம்மாவோடது. நடுத்தூண் அடியில இருபத்தாறு வருஷமா ஒக்காந்திருக்காங்க. அந்தக் கூடையிலதான் நான் காலேஜ் வரைக்கும் வந்தேன். நம்ம மேம், நல்ல படம் எடுப்பாங்க, மார்க்கெட்டுக்கு நல்லதும்மான்னு சொல்லி நான்தான் அவங்கள எழுப்பி விட்டேன். புதுசா கட்டுற ஏசி காம்ப்ளெக்ஸ்ல கருவாடு விடுவாங்களா?"

"நான் என்ன செய்ய முடியும் மதி? நான் படம்தானே எடுத்தேன்" என்றேன்.

"ஆமா மேம். நீங்க படம்தான் எடுத்தீங்க."

போய்விட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. லாட்ஜ் தோசை ஒரே புளிப்பு.

நவம்பர் 12

நகராட்சிப் பொறியாளரைப் பார்த்தேன். மரியாதையான மனிதர், காபி வரவழைத்தார்.

"மார்க்கெட் காலின்னு நாங்க சொல்லல மேடம். ஒங்க படம் சொல்லுது. ஒரு ஈ காக்கா இருக்கா பாருங்க."

"ஆளை எல்லாம் நகர்த்திட்டு எடுத்தது சார் அது. எங்க தொழில்ல அப்படித்தான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? பேப்பர்ல அப்படிப் போடலையே." கொஞ்சம் யோசித்தார். சிரித்தார். "ஒண்ணு பண்ணுங்க. அந்தப் படம் பொய்னு ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க. ஃபைல்ல சேத்துடுறேன்."

பொய்யாம். எழுதித் தர வேண்டுமாம். நான் ஒரு புள்ளியைக்கூடக் கம்ப்யூட்டரில் அழித்ததில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 13

மதி வரவில்லை. ஷூ இன்னும் காயவில்லை.

நவம்பர் 15

கருவாடு வாங்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். லாட்ஜில் கருவாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை.

மதியின் அம்மா பெயர் அஞ்சலாட்சி. என்னைப் பார்த்ததும் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வாங்க படக்காரம்மா. இப்ப ஆளு வேணுமா, வேணாமா? மொதல்லயே சொல்லிடுங்க."

"நெத்திலி கொடுங்க."

பொட்டலம் கட்டிக்கொண்டே பேசினாள். "காலி பண்ணுங்க காலி பண்ணுங்கன்னு கத்துனீங்க. எங்க ஊருல காலின்னா ரெண்டு அர்த்தம் தாயி. ஆளில்லன்னாலும் காலி, ஆளு ஒழிஞ்சான்னாலும் காலி. நீங்க மொத அர்த்தத்துல சொன்னீங்க. அவனுங்க ரெண்டாவதுல எடுத்துகிட்டானுங்க."

மழை பிடித்துக்கொண்டதால் கிளம்பி வந்துவிட்டேன். மழை லேசானதுதான்.

நவம்பர் 20

புயல் சின்னம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மேனேஜர், "சென்னைக்கு மத்தியானம் ஒரு பஸ் இருக்கும்மா, அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது, அதனால் போகவில்லை.

சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். மதி, தலையில் பிளாஸ்டிக் பை.

"போயிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"பேட்டரி சார்ஜ் ஆகலை."

"அப்படியா மேம்?" என்று மூன்று பேட்டரியிலும் எரியும் பச்சை விளக்கைப் பார்த்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நாளை மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

நவம்பர் 22

நேற்று எழுதும் நிலையில் இல்லை. இன்று எழுதுகிறேன்.

விடியும்போதே காற்று ஆளைத் தள்ளியது. ஊரில் அதுதான் மேடு, அதனால் குப்பத்தில் பாதி ஜனம் மார்க்கெட்டுக்குள் வந்திருந்தது. கிழவர்கள், கைக்குழந்தைகள், ஆடுகள், படகிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த எஞ்சின்கள். காற்று வரும் பக்கத்தில் தூணுக்குத் தூண் தார்ப்பாய் கட்டினார்கள். ஒரு மூலைக்குக் கம்பு போதவில்லை. என் ட்ரைபாடைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். விலையை நினைக்கவில்லை என்றால் பொய். நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

பத்து மணிக்கு மழை கொட்டியது. அப்போதுதான் அந்தக் கட்டடம் என்ன என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை குடைகளும் தண்ணீரைக் குடித்தன. தூணில் காது வைத்தால் உள்ளே ஆறு ஓடுகிற சத்தம். பிள்ளைகள் தூணுக்குத் தூண் ஓடி, "இதுல சத்தம் சாஸ்தி, இதுல சத்தம் சாஸ்தி" என்று காது வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் முழங்கால் தண்ணீர், மார்க்கெட் தரையில் ஈரம் மட்டும்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இதை வரைந்த மனிதர் செத்துப்போய்விட்டார். இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

ட்ரைபாட் இல்லாமல் கையிலேயே எடுத்தேன். கோடு எல்லாம் சாய்ந்தது. லென்ஸ் மேல் தண்ணீர். கேமராவுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்த மதி கொஞ்ச நேரத்தில் மடக்கிவிட்டாள். "குடைக்குள்ள நின்னுகிட்டு எதுக்கு மேம் குடை?"

ஒரு இடத்தில், பழக்கதோஷம், "கொஞ்சம் தள்ளுங்க" என்று வாயில் வந்துவிட்டது. எதிரே அஞ்சலாட்சி. கூடை மேல் பாய் போர்த்தி, அதன் மேல் யார் பிள்ளையையோ தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தள்ள வேண்டாம்மா, இருங்க" என்றேன். "நான் எங்க தள்ளப் போறேன்" என்றாள்.

அன்று சாப்பாடு அவள் கொடுத்த சோறும் நெத்திலித் தொக்கும். ஒரு வாய் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம்.

நவம்பர் 25

கரண்ட் வந்துவிட்டது. பழைய படத்தையும் புதுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்டோபர் படம் சுத்தம். புயல் படங்களில் ஒன்றுகூட நேராக இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே வரி. "நாளிதழில் வெளியான படம், அங்கிருந்த மக்களை நானே வெளியேற்றிவிட்டு எடுத்தது, மார்க்கெட் காலி என்று அது காட்டுவது பொய்." கையெழுத்துப் போட்டுப் பொறியாளர் மேசையில் வைத்தேன். நிஜமாகவே எழுதுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, முகத்தில் தெரிந்தது. அது ஒன்றே போதும் எனக்கு.

நவம்பர் 28

ஆட்சேபணைக் கூட்டம். நான் படங்களைப் போட்டுக் காட்டினேன். மதி கூரையைப் பற்றிப் பேசினாள். ஒரு கவுன்சிலர் எழுந்து, "புயல்னா ஜனங்க மாட்டுக் கொட்டாய்லகூடத்தான் ஒதுங்குவாங்க. அதுக்காக மாட்டுக் கொட்டாயக் காப்பாத்த முடியுமா?" என்றார். சிரித்தார்கள். இன்னொருவர் என்னைக் காட்டி, "இந்தம்மா அப்ப பொய் சொன்னாங்களா, இப்ப பொய் சொல்றாங்களா?" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

"அப்பத்தான் சொன்னேன். இப்ப சொல்லலை. எழுதிக் கொடுத்திருக்கேன், படிங்க" என்று கத்தினேன். உட்காருங்க என்றார்கள். உட்காரவில்லை.

தீர்மானம் நிறைவேறிவிட்டது, இடிப்பதென்று.

வெளியே வந்ததும் சங்கத்துக்காரர் போன். விஷயம் அதற்குள் சென்னைக்குப் போய்விட்டது. "நீங்களே பொய்னு சொன்ன படத்த நாங்க எப்படி மேடம் செவுத்துல மாட்டறது?"

"மாட்டாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

மதி மார்க்கெட் தூணில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அஞ்சலாட்சி அவள் முதுகில் ஒன்று போட்டாள். "எழுந்திரு. அவனுங்க கைதூக்கினா நம்ம எடம் போயிடுமா? போயி கோர்ட்டுக்கு எழுது." அன்றைக்கே மதியும் அவள் சீனியர் ஒருத்தியும் ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 2

கேஸ் பத்தாம் தேதிதான் எடுப்பார்களாம். அதற்குள் இடித்துவிட்டால் கேஸ் எதற்கு?

இன்று ஓவர்சியர் பக்கிரிசாமி வந்தார், நகராட்சியிலிருந்து. பயந்த சுபாவம், கையில் ஒரு போன். கேட்காமலே சொல்லிவிட்டார். "கட்டடம் காலின்னு தேதியோட ஒரு போட்டோ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்மா. அது ஏறுனாத்தான் கான்ட்ராக்டர் ஜேசிபி எறக்குவான். ஆளு ஒருத்தர் தெரிஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

அந்த அஞ்சு நிமிஷத்தை நான் அறிவேன். சுற்றிலும் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒருத்தரும் ஃப்ரேமை விட்டு நகராதீங்க!" என்று கத்தினேன். அக்டோபரில் கத்தியதைவிட இரண்டு மடங்கு.

டிசம்பர் 5

சுவர் இல்லாத கட்டடத்தைப் பூட்டவும் முடியாது, காலி செய்யவும் முடியாது. நேற்று நகராட்சிக்காரர்கள் நான்கு போலீஸ்காரர்களைக் கூட்டி வந்தார்கள். வடக்கே விரட்டினால் தெற்கே நுழைகிறார்கள், தெற்கே விரட்டினால் ஆடுகள். பக்கிரிசாமி தூரப் போய், ஏணி மேல் ஏறி, எங்கிருந்து எடுத்தாலும் ஒரு தலையாவது விழுகிறது. எந்தக் கோணத்தில் எது விழும் என்று கடைக்காரர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நாள் ஆளை வெளியேற்றக் கற்றுக்கொண்டதை எல்லாம் தலைகீழாகப் போட்டால் போதும், சுலபமாக வருகிறது.

ராத்திரிக்கும் முறை வைத்திருக்கிறோம். பூக்காரர்கள், கருவாடு, காய்கறி, பிறகு நானும் மதியும்.

டிசம்பர் 8

பக்கிரிசாமிக்குப் பாவம் தூக்கமே இல்லை. தினமும் வருகிறார், எடுக்கிறார், வேலை செய்தேன் என்று காட்ட ஆபீஸுக்கு அனுப்பிவிட்டுப் போகிறார். இன்று அஞ்சலாட்சி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு நேராகப் போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நல்லா எடு தம்பி. பல்லு தெரியணும்."

"கொஞ்சம் தள்ளுங்கக்கா, என் வேல போயிடும்."

"ஒன் வேலயும் போவ வேணாம், என் வேலயும் போவ வேணாம். எடு."

எடுத்தார்.

டிசம்பர் 10

மதி கோர்ட்டுக்குப் போயிருந்தாள். நான் மார்க்கெட்டில், முறை என்னுடையது. மூன்று மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன், எல்லாரும் சுற்றி நின்றார்கள். மதிக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

நகராட்சி வக்கீல் எங்கள் மேல் குற்றம் சொல்ல ஒரு கட்டுப் படங்களைக் கொடுத்திருக்கிறார். காலி செய்ய மறுத்து அராஜகம் பண்ணுகிறார்கள், பாருங்கள் என்று. எல்லாம் பக்கிரிசாமி எடுத்தவை. டிசம்பர் 2 முதல் நேற்று வரை, தேதி போட்டது. காய்கறி வாங்குகிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், ஆடுகள், பேரம் பேசுகிற கூட்டம், பல் தெரிய அஞ்சலாட்சி. நீதிபதி ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். பிறகு அறிவிப்பை எடுத்து, பயன்பாடின்றிக் காலியாக உள்ள கட்டடம் என்று சத்தமாகப் படித்தாராம். "அப்படியானால் இத்தனை பேர் யார்?" என்று கேட்டிருக்கிறார். வக்கீல் தண்ணீர் குடித்தாராம். இடிக்கத் தடை. இப்போதைக்குத் தடைதான், கேஸ் நடக்கும், இழுக்கும். இழுக்கட்டும், நாங்களும் இருக்கிறோம்.

மார்க்கெட்டில் ஒரே கூச்சல். அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கை முழுக்கக் கருவாட்டு வாடை. நான் அழுதேன். காரத்தினால் இல்லை.

மதி அந்தப் படங்களைப் போனில் அனுப்பியிருக்கிறாள். எல்லாம் கோணல். ஒன்றில் பக்கிரிசாமியின் கட்டைவிரல் பாதி மறைக்கிறது. வானம் வெளுத்துப் போயிருக்கிறது, வெளிச்சம் என்று ஒன்றுமே இல்லை. நெரிசலுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு யாரையோ அதட்டுகிற ஒரு பெண், அது நான்தான்.

அந்தக் கட்டைவிரல் படத்தில் ஒரு பெரிய பிரதி வேண்டும் என்று பக்கிரிசாமியிடம் கேட்டிருக்கிறேன்.